போர் நடக்கும் நாடுகளில் போன் வழிப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோமாலியா, சூடான், ஆப்கானிஸ்தான், காங்கோ, மியான்மர், யேமன், காசா என்று சண்டை நடக்கும் இடங்களைப் பற்றிய செய்திகளில் குண்டுவீச்சு வரும், பேச்சுவார்த்தை வரும். அங்கே மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கான பணத்தை எப்படிக் கையில் வாங்குகிறது என்பது மட்டும் அதிகம் வராது. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

மொபைல் பணம் என்பது வங்கிச் செயலிதானே?

இல்லை. வங்கிக் கணக்கு இல்லாதவருக்காக வந்தது அது. தொலைபேசி நிறுவனமே உங்கள் சிம் எண்ணில் ஒரு கணக்கைத் திறந்து தருகிறது. பக்கத்தில் இருக்கும் முகவரிடம் நோட்டைக் கொடுத்தால் அவர் அந்தத் தொகையை உங்கள் எண்ணில் ஏற்றிவிடுவார். யாருக்காவது அனுப்ப வேண்டுமா, நட்சத்திரக் குறியும் சில எண்களும் அழுத்தி, பின் நம்பரை அடித்தால் போதும். சாதாரண பட்டன் போனிலேயே நடக்கும், இணையம் வேண்டாம். பெற்றவர் தன் ஊர் முகவரிடம் போய் நோட்டாக மாற்றிக்கொள்வார். கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் தொடங்கிய எம்-பெசாதான் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது.

சூடானின் 'பேங்கக்' போன்ற வங்கிச் செயலிகளும் போர்க்காலத்தில் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே இங்கே பேசுகிறோம். ஆனால் வங்கிச் செயலிக்கு இணையம் வேண்டும், வங்கிக் கணக்கும் வேண்டும். நெருக்கடி வரும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும்.

சண்டை நடக்கும் இடத்தில் இது ஏன் பரவுகிறது?

ரொக்கத்தை எடுத்துக்கொண்டு சாலையில் போக முடியாது என்பதுதான் முதல் காரணம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் யாராவது பையைத் திறக்கச் சொல்வார்கள். வங்கிக் கிளைகள் முதலில் மூடப்படும், பல நேரம் கொள்ளையும் போகும். குடும்பம் சிதறிப்போய் ஒருவர் தலைநகரிலும் ஒருவர் எல்லை தாண்டியும் இருப்பார்கள். அவர்களுக்கிடையே பணம் ஓடியாக வேண்டும்.

கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கலவரம் வெடித்தபோது எம்-பெசாவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. நைரோபியின் குடிசைப் பகுதிகளில் வெளியே வர முடியாமல் கிடந்தவர்களுக்கு உறவினர்கள் பணத்தையும் டாக்டைமையும் போன் வழியாகவே அனுப்பினார்கள். இந்தச் சேவை மக்கள் மனதில் நிலைபெற அந்த வாரங்களும் ஒரு காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

அரசே சரியாக இல்லாத சோமாலியாவில் இது எப்படி இவ்வளவு ஓங்கியது?

அரசு இல்லாததால்தான் ஓங்கியது என்றே சொல்லலாம். 1991-ல் சர்வாதிகாரி சியாத் பாரேயின் ஆட்சி விழுந்ததும் மத்திய வங்கியும் விழுந்தது. அதன் பிறகு முறையாக நோட்டு அச்சிட ஆளில்லை. ஆள்பலம் உள்ள வியாபாரிகளும் தளபதிகளும் வெளிநாட்டில் அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். புழக்கத்தில் இருந்த ஷில்லிங் நோட்டுகளில் 98 சதவீதம் கள்ள நோட்டு என்று சர்வதேச நாணய நிதியம் ஒரு கட்டத்தில் மதிப்பிட்டது. கள்ள நோட்டு என்று தெரிந்தேதான் மக்கள் வாங்கினார்கள், கொடுத்தார்கள். வேறு நோட்டு இல்லையே. பெரிய கணக்குகளுக்கு அமெரிக்க டாலர். ஆனால் டாலரில் சில்லறைக்கு எங்கே போவது?

இந்த இடத்தில்தான் தொலைபேசி நிறுவனங்கள் நுழைந்தன. வடக்கே தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் டெலிசோம் 2009-ல் 'ஸாத்' சேவையைத் தொடங்கியது. தெற்கே ஹோர்முட் நிறுவனத்தின் 'இவிசி பிளஸ்' வந்தது. கணக்கு டாலரில். போனில் டாலரைச் சென்ட்டாக உடைக்கலாம் என்பதால் சில்லறைப் பிரச்சினை தீர்ந்தது. ஒருவருக்கொருவர் அனுப்பக் கட்டணமும் கிடையாது. உலக வங்கி 2017-ல் எடுத்த கணக்குப்படி 16 வயதுக்கு மேற்பட்டோரில் 73 சதவீதம் பேர் இதைப் பயன்படுத்தினார்கள். மாதம் 15 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள், சுமார் 270 கோடி டாலர். இவ்வளவும் நடந்த காலத்தில் ஹோர்முட்டிடம் மொபைல் பணத்துக்கான உரிமம் இல்லை. உரிமம் தர ஓர் அமைப்பு எழுந்து நிற்கவே காலம் பிடித்தது. சோமாலிய மத்திய வங்கி முதல் உரிமத்தை 2021 பிப்ரவரியில்தான் கொடுத்தது.

இதைப் பார்த்து 'கட்டுப்பாடே வேண்டாம், சந்தை பார்த்துக்கொள்ளும்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. மக்கள் போனில் வைத்திருந்த தொகைக்கு ஈடான டாலர் எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கிறது என்பதை வெளியாள் யாரும் சரிபார்க்க முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆப்கன் போலீஸ்காரர்களுக்கு திடீரென்று சம்பள உயர்வு வந்த கதை உண்மையா?

உண்மை, ஆனால் அது உயர்வு அல்ல. ரோஷன் என்ற தொலைபேசி நிறுவனம் 2008-ல் ஆப்கானிஸ்தானில் 'எம்-பைசா'வைத் தொடங்கியது. மறுவருடம் வர்தக் மாகாணத்தில் சுமார் ஐம்பது போலீஸ்காரர்களுக்குச் சோதனை முறையில் சம்பளத்தைப் போன் வழியாகக் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பலர் என்பதால் அந்நாட்டு மொழிகளான தாரியிலும் பஷ்தோவிலும் குரல் வழியாகவே தகவல் போனது. பணத்தை எடுக்கப் போனவர்கள் சம்பளம் முப்பது சதவீதம் போல் கூடியிருப்பதாக நினைத்தார்கள். கூடவில்லை. முதல் தடவையாக முழுச் சம்பளம் கைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். அதுவரை மேலிருந்து ரொக்கமாக இறங்கிய பணத்தில் வழியில் இருந்தவர்கள் எல்லாம் கை வைத்திருந்தார்கள். பட்டியலில் பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத போலீஸ்காரர்களும் அப்போதுதான் வெளியே தெரிந்தார்கள்.

இந்தக் கதையின் அடுத்த பகுதியைப் பலரும் சொல்வதில்லை. ஒரு தளபதி தன்கீழ் உள்ளவர்களின் சிம் கார்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, தானே போய் முகவரிடம் சம்பளத்தை எடுக்கப் பார்த்தார். ஆக, பணம் வரும் பாதையை மாற்றினால் திருட்டு குறையும். ஆனால் துப்பாக்கி யார் கையில் என்பது மாறாத வரை திருடுபவர் புதுப் பாதையைத் தேடுவார். இந்தச் சோதனையைப் பாராட்டி எழுதியவர்கள் இந்தச் சிம் கார்டு விஷயத்தை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கென்னவோ முக்கியமானது அதுதான் என்று படுகிறது.

அப்படியானால் சண்டை கூடக் கூட மக்கள் போன் பணத்துக்கு மாறுவார்கள், சரிதானே?

கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் ஆப்கானிஸ்தானில் ஆய்வாளர்கள் பார்த்தது இதற்கு நேர் எதிர். போன் பரிமாற்றப் பதிவுகளையும் தாக்குதல் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வன்முறையைக் கண்டவர்கள் மொபைல் பணத்தைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள், கையில் ரொக்கத்தைக் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள்.

யோசித்தால் புரியும். நாளைக்கே ஓட வேண்டி வரலாம். ஓடும் வழியில் டவர் இருக்குமா, முகவர் இருப்பாரா, இருந்தாலும் அவரிடம் நோட்டு இருக்குமா? லாரிக்காரர் போன் பணத்தை வாங்குவாரா? பத்து நாள் கழித்து என்ன ஆகும் என்று தெரியாதவருக்கு ரொக்கம்தான் ரொக்கம். கலவரம் எப்போதாவது வெடிக்கும் நாட்டில் போன் பணம் ஏறுவதும், சண்டை தினசரி வாழ்க்கையாகிவிட்ட நாட்டில் மக்கள் அதை நம்பத் தயங்குவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

போனில் பேலன்ஸ் இருக்கும்போது எதற்காகக் கமிஷன் கொடுத்து ரொக்கம் வாங்குகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

மொபைல் பணத்தின் உயிர் போனில் இல்லை, முகவரின் கல்லாவில் இருக்கிறது. முகவருக்கு இரண்டு இருப்பு வேண்டும். பணம் ஏற்ற வருபவருக்குக் கொடுக்க அவர் கணக்கில் மின்பணம், எடுக்க வருபவருக்குக் கொடுக்கக் கல்லாவில் நோட்டு. சாதாரண நாளில் காலையில் நாலு பேர் போடுவார்கள், மாலையில் நாலு பேர் எடுப்பார்கள், கணக்கு ஓரளவு சமமாகும். நோட்டு தீர்ந்தால் அவர் வங்கிக்குப் போய் எடுத்து வருவார். போர் வந்தால் எல்லோரும் எடுக்கத்தான் வருவார்கள், போட யாரும் வரமாட்டார்கள். வங்கியும் மூடியிருக்கும். அப்போது போனில் உள்ள நூறு ரூபாயும் கையில் உள்ள நூறு ரூபாயும் ஒரே மதிப்பாக இருக்காது. அந்த இடைவெளிக்குப் பெயர்தான் கமிஷன்.

காசாவுக்குள் 2023 அக்டோபருக்குப் பிறகு புதிய நோட்டு போவதை இஸ்ரேல் நிறுத்தியது. வங்கிக் கிளைகளும் ஏடிஎம்களும் இடிந்தன. சம்பளமும் நன்கொடையும் கணக்கில் வந்து விழுந்துகொண்டுதான் இருந்தன, நோட்டாக மாற்றத்தான் தரகர்கள் வேண்டியிருந்தது. 2025-ல் அவர்கள் கேட்ட பங்கு நாற்பது சதவீதம் வரை போனது. பழைய நோட்டுகள் கசங்கிக் கிழிந்து, கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். சந்தையில் உட்கார்ந்து கிழிந்த நோட்டுகளைப் பசை போட்டு ஒட்டிக்கொடுப்பதே ஒரு தொழிலானது.

காங்கோவின் கோமா நகரை 2025 ஜனவரி கடைசியில் எம்23 கிளர்ச்சிக் குழு பிடித்தபோதும் இதுவே நடந்தது. வங்கிகள் மூடின, நகரத்தில் நோட்டு வற்றியது, எல்லைக்கு அப்பால் ருவாண்டாவுக்குப் போய்ப் பணம் எடுத்து வந்தவர்கள் உண்டு. மியான்மரில் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஏடிஎம் வாசலில் விடியற்காலை முதல் வரிசை நின்றது. வரிசையில் நிற்க முடியாதவர்கள் கமிஷன் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள்.

கடையிலேயே போன் வழியாகக் கொடுத்துவிட்டால் ரொக்கம் எதற்கு?

நல்ல கேள்வி. சோமாலியா அப்படித்தான் தப்பித்தது. கடைக்காரர், மொத்த வியாபாரி, இறக்குமதி செய்பவர் என்று சங்கிலி முழுக்கப் போன் பணத்தை ஏற்றால் யாரும் நோட்டைத் தேட வேண்டியதில்லை. காசாவிலும் கடைகள் சில வாலட்டை, அதாவது போனில் உள்ள மின்பணப்பையை, ஏற்கத் தொடங்கின. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி ரொக்கம் கேட்டாலும் அதற்கு முன்னால் உள்ள எல்லோரும் ரொக்கம் கேட்பார்கள். சூடானில் போன் வழியே கொடுத்தால் ஒரு விலை, நோட்டாகக் கொடுத்தால் குறைந்த விலை என்று சொல்லும் கடைகள் இருந்தன. கடத்தல் பாதையில் வரும் சரக்குக்கும் சாவடியில் கேட்கும் 'வரி'க்கும் ரொக்கம்தான் செல்லும் என்றால் அந்தச் செலவு சுற்றிச் சுற்றி வாங்குபவர் தலையில்தான் விழும்.

நெட்வொர்க் போய்விட்டால்?

பணமும் போய்விடும். நிரந்தரமாக அல்ல, ஆனால் பசிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சூடானில் 2023 ஏப்ரல் 15-ல் ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் எனப்படும் துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. வங்கிகள் முடங்கிய பிறகு கார்ட்டூம் வங்கியின் பேங்கக் செயலிதான் நாட்டின் பணப்பை ஆனது. வெளிநாட்டில் உள்ளவர்கள் அதில் அனுப்பினார்கள். 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் இயங்கிய உள்ளூர் இளைஞர் குழுக்கள் அந்தப் பணத்தில் பொதுச் சமையலறைகளை நடத்தினார்கள். 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைத்தொடர்பு அறுந்தது. அரிசி விற்பவரும் இருந்தார், சமைப்பவரும் இருந்தார், கணக்கில் பணமும் இருந்தது. அனுப்பத்தான் வழியில்லை. கார்ட்டூமில் நூற்றுக்கணக்கான சமையலறைகள் மூடின. பிறகு செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் கருவி வைத்திருப்பவரிடம் மணிக்கணக்கில் காசு கொடுத்து இணையம் வாங்கி, அதில் பேங்கக்கைத் திறக்கும் நிலை வந்தது. அந்தக் கருவிகளில் பல ஆயுதம் ஏந்தியவர்களிடமே இருந்தன.

எத்தியோப்பியாவின் டிக்ரேயில் இது விபத்து அல்ல, உத்தி. 2020 நவம்பரில் தொடங்கிய போரில் அந்தப் பகுதி முழுவதற்கும் வங்கியும் தொலைபேசியும் நிறுத்தப்பட்டன. இடையில் கொஞ்ச காலம் தவிர, சமாதான உடன்பாட்டுக்குப் பிறகு 2022 டிசம்பரில்தான் வங்கிகள் மெல்லத் திறந்தன. வாழ்நாள் சேமிப்பு கணக்கில் பத்திரமாக இருக்க, அதன் சொந்தக்காரர்கள் கடன் வாங்கினார்கள். தாலிபான் அரசும் 2025 செப்டம்பர் கடைசியில் ஆப்கானிஸ்தான் முழுக்க இணையத்தை சுமார் இரண்டு நாள் நிறுத்தியபோது வங்கிகளும் பணம் அனுப்பும் நிறுவனங்களும் அப்படியே நின்றன.

ஒரே நாட்டில் இரண்டு அதிகாரங்கள் இருந்தால் போன் பணம் எல்லை தாண்டுமா?

தொழில்நுட்பம் தாண்டிவிடும், நாணயம் தாண்டாது. யேமனில் மத்திய வங்கி 2016-லிருந்து ஏடன், சனா என இரண்டாகக் கிடக்கிறது. ஏடன் அரசு அச்சடித்த புதிய நோட்டுகளை 2019 டிசம்பரில் சனாவைக் கையில் வைத்திருக்கும் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் தங்கள் பகுதியில் தடை செய்தார்கள். பெயர் இரண்டு பக்கமும் ரியால்தான். ஆனால் சனாவில் டாலருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரியால், ஏடனில் 2025 நடுவில் இரண்டாயிரத்துக்கும் மேல். அதனால் ஏடனிலிருந்து சனாவுக்கு ரியாலில் அனுப்பினால் அனுப்பும் தொகையை விடக் கட்டணம் கூடுதலாகத் தெரிந்த காலமும் உண்டு. அது கொள்ளை மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டு வெவ்வேறு நாணயங்களின் மாற்று விகிதம் கட்டணம் என்ற பெயரில் வந்து நிற்கிறது.

சூடான் 2024 கடைசியில் பழைய 500, 1000 பவுண்டு நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. பழையதை வங்கிக் கணக்கில் போட்டால்தான் மாற்றம். ராணுவத்தின் கையில் இருந்த பகுதியில் இது நிறையப் பேரைக் கணக்குத் திறக்க வைத்தது. மறுபக்கம் இருந்தவர்களுக்குக் கையில் இருந்த பணமே கேள்விக்குறியானது.

அடையாள அட்டை தொலைந்த அகதிக்குக் கணக்கு கிடைக்குமா?

நாட்டைப் பொறுத்தது. சிம் வாங்கவே அடையாள ஆவணம் வேண்டும் என்பது இன்று பெரும்பாலான நாடுகளில் சட்டம். வீடு எரிந்து ஓடி வந்தவரிடம் என்ன ஆவணம் இருக்கும்? உகாண்டா 2019-ல் அகதிகளுக்கு அரசு தரும் சான்றுக் கடிதத்தை வைத்தே சிம் வாங்க அனுமதித்தது. ஆப்பிரிக்காவிலேயே அதிக அகதிகள் இருக்கும் நாடு அது. ஒரு சுற்றறிக்கை அத்தனை பேருக்கு வழி திறந்தது. முழு ஆவணம் இல்லாதவருக்குக் குறைந்த வரம்போடு சிறு கணக்கு, ஆவணம் கொண்டுவந்தால் வரம்பைக் கூட்டுவது என்ற படிமுறையும் பல நாடுகளில் உண்டு. இது இல்லாத இடத்தில் அக்கம்பக்கத்துக்காரர் பெயரில் சிம் வாங்கி, அவர் தயவில் பணம் எடுப்பதுதான் நடக்கும்.

பெண்களுக்கு இது உதவியிருக்கிறதா?

போன் அவர்களுடையதாக இருந்தால் உதவும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டில் மற்றவர் கண்ணில் படாது என்பதே பெரிய விஷயம். ஆனால் ஆப்கானிஸ்தானில் 2021 உலக வங்கிக் கணக்கெடுப்பில் கணக்கு வைத்திருந்த பெண்கள் ஐந்து சதவீதம்தான். சிம் கணவர் பெயரில், முகவர் ஆண், கடைக்குத் தனியாகப் போக முடியாது, பின் நம்பரை மகன் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் யாரோ நடுவில் நிற்பார்கள். உதவிப் பணம் அனுப்பும் அமைப்புகள் 'பெண்கள் கணக்கில் செலுத்தினோம்' என்று அறிக்கை எழுதும்போது, எடுத்தது யார் என்றும் கேட்டால் நல்லது.

ஆயுதக் குழுக்கள் இதைப் பயன்படுத்தாதா?

பயன்படுத்தும். சோமாலியாவின் ஆயுதக் குழுவான அல்-ஷபாப் 2010-ல் தன் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மொபைல் பணத்தைத் தடை செய்தது. பிறகு அதே அமைப்பு வியாபாரிகளிடம் மிரட்டி வாங்கும் வசூலுக்கு மொபைல் பணத்தையும் வங்கிக் கணக்குகளையும் பயன்படுத்தியதை ஐ.நா. நிபுணர் குழு எழுதியது.

இதற்குப் பயந்து மொத்தமாகக் கதவைச் சாத்துவதும் நடந்திருக்கிறது. 2001 நவம்பரில் சோமாலியாவின் மிகப் பெரிய பணம் அனுப்பும் நிறுவனமான அல் பரக்காத்தை அமெரிக்கா முடக்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மாதாந்திரப் பணம் நடுவழியில் நின்றது. செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் ஊழியர்கள் பிறகு தேடியபோது, அந்தத் தாக்குதலுக்கு அந்த நிறுவனம் பணம் தந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2013-ல் பிரிட்டனின் பார்க்லேஸ் வங்கி தஹாப்ஷீல் உள்ளிட்ட பணம் அனுப்பும் நிறுவனங்களின் கணக்குகளை மூட முனைந்தது. தஹாப்ஷீல் நீதிமன்றம் போய்த் தற்காலிகத் தடை வாங்கியது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் அபராதம் பெரிது, சோமாலியக் குடும்பத்திடமிருந்து கிடைக்கும் லாபம் சிறிது. வங்கியின் கணக்கு அவ்வளவுதான்.

என் பரிமாற்றங்களை அரசு பார்க்குமா?

பார்க்கும். மியான்மரில் எதிர்ப்பு இயக்கத்துக்கு நன்கொடை அனுப்பியவர்களின் கணக்குகளை ராணுவ அரசு முடக்கியது, கைதுகளும் நடந்தன. வாலட்டுகளுக்கு முழு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது. எதிரணியின் தேசிய ஒற்றுமை அரசு 2022-ல் 'என்யுஜி பே' என்று தனி வாலட்டே தொடங்கியது. ரொக்கத்துக்கு ஞாபகம் கிடையாது. போன் பணத்துக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆட்சி மாறினால் அந்தப் பதிவேடு யார் கைக்குப் போகும் என்பது கணக்குத் திறக்கும்போது யாரும் கேட்காத கேள்வி.

நிறுவனம் திவாலானால் என் பணம்?

ஒழுங்கான சட்டம் உள்ள நாட்டில் வாடிக்கையாளர் பணம் முழுவதும் நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனி அறக்கட்டளைக் கணக்கில் வங்கியில் இருக்க வேண்டும். அந்த வங்கியே விழுந்தால் அது வேறு கதை. ஆகவே பெரிய தொகையைப் போனில் தூங்க விடாதீர்கள்.

ஹவாலா இனி ஒழிந்துவிடுமா?

ஒழியாது. ஹவாலா, உண்டியல் என்று எந்தப் பெயரில் சொன்னாலும், ஆள் தெரிந்த நம்பிக்கையில் நடக்கும் இந்த முறைக்கு டவர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆப்கானிஸ்தானில் 2021-க்குப் பிறகு மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் அமெரிக்காவில் முடக்கப்பட்டு, வங்கிகள் தள்ளாடியபோது உதவி அமைப்புகளே ஹவாலா கடைக்காரர்களை நாடின. இன்னொன்று, பல நாடுகளில் நேற்றைய ஹவாலாக்காரரேதான் இன்றைய மொபைல் முகவர். கல்லாவில் நோட்டு வைத்திருப்பவர் அவர்தானே.

உதவிப் பணத்தைப் போனில் கொடுப்பது நல்லதா, மூட்டையாக அரிசி கொடுப்பது நல்லதா?

சந்தை திறந்திருந்தால் பணம். சோமாலியாவின் 'பஹ்னானோ' திட்டம் 2020-லிருந்து ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 20 டாலர் கணக்கில் போன் வழியே கொடுத்தது. உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த சியரா லியோனில் 2014-ல் எபோலா வந்தபோது சம்பளம் வராமல் சுகாதாரப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போன் வழிக்கு மாறியதும் ஒரு மாதத்துக்கும் மேல் இழுத்த பட்டுவாடா ஒரு வாரத்துக்குச் சுருங்கியது. முற்றுகையில் சரக்கே வராத ஊருக்குப் பணம் மட்டும் அனுப்பினால் விலைதான் ஏறும். அங்கே மூட்டைதான் வேண்டும்.

போர் முடிந்த பிறகு இதனால் என்ன மிஞ்சும்?

ஐவரி கோஸ்டைப் பாருங்கள். 2011 நெருக்கடிக்குப் பிறகு பள்ளிக் கட்டணத்தை ரொக்கமாக வசூலிப்பதில் திருட்டும் லஞ்சமும் மலிந்திருந்தன. கல்வி அமைச்சகம் அதைப் போன் வழிக்கு மாற்றியது. 2014-க்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய எல்லோருமே டிஜிட்டலாகக் கட்டினார்கள். அரசு வசூல் ஒன்று எல்லோரையும் பழக்கிவிட்டது.

'நிதி உள்ளடக்கம் கூடியது' என்று அறிக்கைகள் சொல்வதை நம்பலாமா?

நிதி உள்ளடக்கம் என்றால் எல்லோருக்கும் கணக்கும் பணச் சேவையும் எட்டுவது. அறிக்கையில் என்ன எண்ணினார்கள் என்று பாருங்கள். திறந்த கணக்குகளை எண்ணினால் எந்த நாடும் முன்னேறியதாகத் தெரியும். ஒரே ஆளிடம் மூன்று சிம், மூன்று கணக்கு; உதவிப் பணம் வந்த அன்றே முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி தொடாத கணக்கு; இவை எல்லாம் அந்த எண்ணில் அடக்கம். தெற்கு சூடானில் 2021-ல் வயது வந்தோரில் கணக்கு வைத்திருந்தவர்கள் ஆறு சதவீதம். அது அறுபது ஆனாலும், சந்தை நாளில் முகவரிடம் நோட்டு இல்லை என்றால் என்ன உள்ளடக்கம்? எத்தனை முகவர்கள் கடந்த வாரம் கேட்ட தொகையை முழுசாகக் கொடுத்தார்கள் என்று எண்ணும் அறிக்கை வந்தால் அதை முதலில் படிப்பேன்.

பிட்காயின்?

நோட்டு இல்லாத ஊரில் அதையும் நோட்டாக மாற்றித்தான் சாப்பிட வேண்டும். அதே தரகர், அதே கமிஷன்.

அங்கே இருக்கும் உறவினருக்குப் பணம் அனுப்ப வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

அனுப்பும் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். 'நீ கையில் எடுக்கும்போது நூற்றுக்கு எவ்வளவு வரும்' என்று அவரிடமே கேளுங்கள். அதுதான் உண்மையான விலை. மொத்தமாக அனுப்பாமல் பிரித்து அனுப்பினால், டவர் போனாலும் முகவர் ஓடினாலும் எல்லாம் ஒன்றாக மாட்டாது. அவர் நேரடியாகப் போன் வழியே கொடுத்து வாங்கக்கூடிய கடை ஒன்று இருந்தால் ரொக்கமாக மாற்றும் கமிஷனே மிச்சம். சிம் அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சிம் தொலைந்த அன்று பணமும் தொலையும். பின் நம்பரையோ ஓடிபியையோ கேட்டு உதவி அமைப்பின் பெயரில் வரும் அழைப்பு மோசடி என்று சொல்லிவையுங்கள். அப்புறம், அனுப்பும் குறிப்பில் எதுவும் எழுதாதீர்கள். தடைப்பட்டியலில் உள்ள ஒரு ஊரின் பெயரோ அமைப்பின் பெயரோ அதில் இருந்தால், இங்கேயே வங்கியின் கணினி அதைப் பிடித்து நிறுத்திவிடும். விடுவிக்க வாரக்கணக்கில் அலைய வேண்டி வரும்.